நேர்ப்பொருள் என்னும் சாட்சி: ஆங்கிலச் சட்ட வாசகங்களும் அவற்றைப் படித்த நீதிமன்றங்களும்

1. பொருளும் எல்லையும்

ஓர் ஆங்கில வாக்கியத்தின் நேர்ப்பொருள் எது என்று கேட்டால் பெரும்பாலோர் அகராதியைக் கைகாட்டுவார்கள். சொற்களின் அகராதிப் பொருளை இலக்கணப்படி கூட்டினால் கிடைப்பது நேர்ப்பொருள், உருவகமும் கிண்டலும் குறிப்பும் அதன்மேல் ஏறுபவை என்பது பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கொண்டுவரும் எண்ணம். அன்றாடப் பேச்சுக்கு இந்த எண்ணம் பெரிய கேடு எதுவும் செய்வதில்லை. புரியாவிட்டால் சொன்னவரையே திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். சட்ட வாசகத்தில் அந்த வசதி கிடையாது. அதை இயற்றிய நாடாளுமன்றம் கலைந்திருக்கும், வரைந்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். எதிரே நிற்பவரோ ஒரு சொல்லுக்கு நீதிபதி கொள்ளும் பொருளைப் பொறுத்து வீட்டுக்குப் போவார் அல்லது சிறைக்குப் போவார். நேர்ப்பொருளை ஆராய இலக்கியத்தைவிட வழக்குமன்றம் நல்ல களம் என்று நான் கருதுவது இதனால்தான்.

இங்கிலாந்து, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் ஆங்கிலத் தீர்ப்புகள் சிலவற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நீதிபதிகள் ‘வாசகத்தின் நேர்ப்பொருள் இதுதான்’ என்று சொல்லும்போது எப்போதும் ஒரே வகைப் பொருளைச் சொல்வதில்லை. சொல் எட்டக்கூடிய கடைசி எல்லை, மக்கள் வழக்கில் அது நிற்கும் இடம், ஒரு துறை அதற்குத் தந்த தனிப்பொருள் ஆகிய மூன்றும் அந்த ஒரே பெயரில் உலவுகின்றன. இவற்றில் எதைக் கொள்வது என்ற தேர்வு வாசகத்துக்கு வெளியே நடக்கிறது. நடந்த பிறகு வாசகமே சொன்னதாக எழுதப்படுகிறது. நேர்ப்பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வாதிடும் அணியில் நான் இல்லை. அது உண்டு, ஒன்றுக்கு மேற்பட்டு உண்டு என்பதில்தான் சிக்கல்.

2. விதியின் வரலாறு

இங்கிலாந்து நீதிமன்றங்கள் எப்போதும் எழுத்தைப் பிடித்துத் தொங்கியவை அல்ல. 1584இல் ஹேடன் வழக்கில் நீதிபதிகள் வகுத்த முறை நோக்கத்தைத் தேடும் முறை: சட்டம் வருமுன் நிலை என்ன, அதில் என்ன கேடு இருந்தது, நாடாளுமன்றம் தந்த மருந்து என்ன என்று கேட்டு, கேட்டை அடக்கும் வகையில் பொருள் கொள்ள வேண்டும். இதற்கு நேரெதிரான போக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓங்கியது. 1844இல் சசெக்ஸ் பிரபுப் பட்ட வழக்கில் தலைமை நீதிபதி டிண்டல், வாசகம் தெளிவாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் இருந்தால் அதன் இயல்பான பொருளை எடுத்துச் சொல்வதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்தது என்ற கருத்தை முன்வைத்தார். 1892இல் எஷர் பிரபு இன்னும் ஒருபடி மேலே போனார். வாசகம் தெளிவாக இருந்தால், விளைவு அபத்தமாகவே இருந்தாலும் அதைத்தான் பின்பற்ற வேண்டும் என்றார். இடையில், 1857இல் கிரே வழக்கில் வென்ஸ்லிடேல் பிரபு ஒரு சமரசம் செய்திருந்தார்: நேர்ப்பொருளையே கொள்க, அபத்தமோ முரணோ வந்தால் அதைத் தவிர்க்கும் அளவுக்கு மட்டும் விலகுக.

சட்டக் கல்லூரி மாணவர்கள் இம்மூன்றையும் மூன்று விதிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். எப்போது எதைப் பயன்படுத்துவது என்று சொல்லும் நான்காவது விதி ஒன்று இல்லை என்பதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

எழுத்து விதி வலுப்பெற ஒரு நடைமுறைக் காரணமும் துணைநின்றது. நாடாளுமன்ற விவாதங்களைப் புரட்டிப் பார்த்துச் சட்டத்தின் பொருளை முடிவு செய்யக்கூடாது என்று நீதிமன்றங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தடை போட்டுக்கொண்டிருந்தன. 1992இன் இறுதியில் பெப்பர் வழக்கில்தான், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அதைத் தளர்த்தியது. நோக்கத்தை அறியும் முக்கியமான வழியை அடைத்துவிட்டால் மிஞ்சுவது எழுத்துதான்.

அந்த எழுத்து என்ன செய்தது என்பதற்கு இரண்டு வழக்குகள். ஏழைகள் நலக் காப்பாளர் தேர்தலில் ‘வாக்களிக்க உரிமையுள்ள ஒருவர்’ போல நடித்து வாக்களிப்பது குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் இறந்துபோன வாக்காளரின் பெயரில் வாக்களித்தார். 1868இல் வைட்லி வழக்கில் அவர் தப்பினார். செத்தவருக்கு வாக்குரிமை இல்லை; ஆகவே அவர் நடித்தது உரிமையுள்ள ஒருவராக இல்லை. இரண்டாவது வழக்கு 1946இல் பிரபுக்கள் அவை முடித்த பெரிமன் வழக்கு. தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரயில்வே ஊழியர் ஒருவர் வண்டி மோதி இறந்தார். தண்டவாளத்தை ‘மாற்றிப் போடும்போதோ ரிப்பேர் செய்யும்போதோ’ வண்டி வருவதை எச்சரிக்கக் காவலாள் ஒருவரை நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது. இறந்தவர் செய்துகொண்டிருந்த வேலை எண்ணெய் விடுதல். எண்ணெய் விடுவது பராமரிப்பு, அது ரிப்பேர் ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். விதவைக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

முதல் வழக்கைக் கேட்டுச் சிரிக்கிறோம், இரண்டாவதைக் கேட்டுச் சினக்கிறோம். ஆனால் இரண்டிலும் நீதிபதிகள் ஆங்கிலத்தைத் தப்பாகப் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது வேறொன்று: எழுத்துக்கு அதே அளவு உண்மையாக நிற்கும் இன்னொரு வாசிப்பு பக்கத்திலேயே இருந்தது. ‘உரிமையுள்ள ஒருவர்’ என்பதை வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் என்று படிப்பதற்கு உருவகம் எதுவும் வேண்டாம். தேய்மானத்தைத் தடுக்க எண்ணெய் விடுவதையும் ‘ரிப்பேர்’ என்று சொல்லும் தொழிலாளிகள் இருந்திருப்பார்கள். தெளிவான வாசகம் என்ற முத்திரை விழுந்ததும் இந்த இரண்டாம் வாசிப்புகள் கண்ணில் படாமல் போயின.

3. ஒரு பெயர், மூன்று பொருள்

3.1 சொல்லின் கடைசி எல்லை

ஒரு சொல் எதையெல்லாம் உள்ளடக்கக்கூடும் என்று கேட்டு, அடங்கும் எல்லாவற்றையும் நேர்ப்பொருள் என்று கொள்வது முதல் வகை. இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் கோழிக் கொட்டகைக்குச் சக்கரம் மாட்டி, டிராக்டரில் கட்டிச் சாலையில் இழுத்துக்கொண்டு போனார். சக்கரங்களுக்குக் காற்றடைத்த டயர் இல்லை. சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ‘வெஹிக்கிள்’ என்றால் அத்தகைய டயர் வேண்டும். கார்னர் வழக்கில், 1951ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் உள்ளபடி, கோழிக் கொட்டகையும் வெஹிக்கிள்தான் என்று மேல்மன்றம் முடிவு செய்தது. சக்கரம் உண்டு, சாலையில் உருண்டது, அது போதும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1993ஆம் ஆண்டு ஸ்மித் வழக்கு இந்த வகையின் உச்சம். போதைப்பொருள் குற்றத்தில் துப்பாக்கியை ‘யூஸ்’ செய்தால் கூடுதல் கட்டாயத் தண்டனை. துப்பாக்கி இயந்திர வகையாக இருந்தால் 30 ஆண்டு. ஸ்மித் யாரையும் சுடவில்லை, மிரட்டவுமில்லை. தன்னிடமிருந்த இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்துக் கொக்கெய்ன் வாங்கப் பார்த்தார். எதிரே இருந்தவர் மாறுவேடத்தில் வந்த காவல் அதிகாரி. பண்டமாற்றுக்குப் பயன்படுத்துவதும் பயன்படுத்துவதுதான் என்றது பெரும்பான்மை. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா கைத்தடியை உதாரணம் காட்டினார். ‘நீங்கள் கைத்தடி பயன்படுத்துகிறீர்களா’ என்று ஒருவர் கேட்டால், தாத்தாவின் வெள்ளிப்பிடிக் கைத்தடியைக் கூடத்தில் அலங்காரமாக வைத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. ஊன்றி நடக்கிறீர்களா என்றுதான் கேட்கிறார்.

இங்கே ஸ்காலியாவின் பக்கமே சரி என்பது என் கருத்து. பின்னர் நடந்ததும் அதற்குச் சான்று. 2007இல் வாட்சன் வழக்கில் ஒருவர் போதைப்பொருளைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கினார். வாங்குபவர் அதை ‘யூஸ்’ செய்யவில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஒரே பண்டமாற்றில் துப்பாக்கியைக் கொடுப்பவர் அதைப் பயன்படுத்துகிறார், பெறுபவர் பயன்படுத்தவில்லை. சொல்லின் கடைசி எல்லைவரை போய்விட்டால் திரும்பிவரும் வழி இப்படித்தான் கோணலாக அமைகிறது.

3.2 வழக்கில் நிற்கும் இடம்

இரண்டாவது வகை, அந்தச் சொல்லைக் கேட்டதும் பேசுவோர் மனத்தில் எழுவதை நேர்ப்பொருளாகக் கொள்கிறது. 1931இல் மெக்பாயல் வழக்கு. திருடிய விமானம் ஒன்றை இல்லினாய் மாநிலத்திலிருந்து ஓக்லஹோமாவுக்கு அனுப்பியதாகக் குற்றச்சாட்டு. 1919ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருட்டுச் சட்டம் கார், டிரக், மோட்டார் சைக்கிள் என்று பட்டியலிட்டு, தண்டவாளத்தில் ஓடாத, தானே இயங்கும் வேறு எந்த ‘வெஹிக்கிளும்’ என்று முடிந்தது. விமானம் தானே இயங்குகிறது, தண்டவாளத்தில் ஓடவில்லை. எல்லையை அளந்தால் உள்ளே வந்துவிடும். நீதிபதி ஹோம்ஸ் எல்லையை அளக்கவில்லை. அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் நிலத்தில் ஓடும் ஒன்றையே நினைவுக்குக் கொண்டுவருகிறது என்று கூறி விடுவித்தார். இங்கிலாந்தில் கோழிக் கொட்டகை வாகனமாயிற்று, அமெரிக்காவில் விமானம் வாகனமாகவில்லை. சட்டம் வேறு, நாடு வேறு, காலமும் வேறு; ஆனால் கேள்வியே வேறாக இருந்தது என்பதுதான் முக்கிய வேறுபாடு.

சட்டத் தத்துவம் படித்தவர்களுக்கு இச்சொல் பழக்கமானது. ‘பூங்காவுக்குள் வாகனங்கள் கூடாது’ என்ற கற்பனை விதியை 1958இல் சட்டத் தத்துவ அறிஞர் ஹார்ட் எடுத்துக்கொண்டார். காருக்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. சைக்கிள், சக்கரச் சறுக்குக் காலணி, பொம்மைக் கார் என்றால்? சொல்லுக்கு ஒரு கருவும் அதைச் சுற்றி ஒரு மங்கலான விளிம்பும் உண்டு என்றார். அதே ஆண்டு இன்னொரு சட்டத் தத்துவ அறிஞர் ஃபுல்லர் மறுத்தார்: போரில் ஓடிய லாரி ஒன்றை நினைவுச் சின்னமாகப் பூங்காவில் பீடத்தில் ஏற்றி வைத்தால்? அது கருவிலேயே இருக்கும் வாகனம். ஆனாலும் விதிக்கு அதனுடன் என்ன வேலை?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டு யேட்ஸ் வழக்கில் இரண்டு வகைகளும் நேருக்கு நேர் மோதின. மெக்சிகோ வளைகுடாவில் அளவு குறைந்த மீன்களைப் பிடித்த படகுத் தலைவர் ஒருவர், சோதனைக்குப் பின் அவற்றை மாற்றிவிட ஏற்பாடு செய்தார். என்ரான் ஊழலுக்குப் பின் 2002இல் வந்த நிதிச் சட்டம், விசாரணையைத் தடுக்க ‘ஆவணம், பதிவேடு, தொட்டறியக்கூடிய பொருள்’ எதையும் அழிப்பது குற்றம் என்கிறது. மீன் தொட்டறியக்கூடிய பொருளா? ‘ஆம், அகராதியைப் பாருங்கள்’ என்றார் நீதிபதி கேகன். குழந்தைகளுக்கான ஒரு மீன் புத்தகத்தையும் துணைக்கு அழைத்தார். பதிவேடு, ஆவணம் என்ற கூட்டத்தில் நிற்பதால் தகவலைப் பதிந்துவைக்கும் பொருள் என்றே கொள்ள வேண்டும் என்றார் நீதிபதி கின்ஸ்பர்க். 5க்கு 4 என்ற கணக்கில் படகுத் தலைவர் வென்றார்.

2020இல், வேலையில் பாலினப் பாகுபாடு பற்றிய பாஸ்டாக் வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி கேவனா இந்தப் பிளவை வெளிப்படையாகவே எழுதினார். எழுத்துப் பொருள் ஒன்று, சாதாரணப் பொருள் ஒன்று. நீதிமன்றம் பின்பற்ற வேண்டியது இரண்டாவதை என்பது அவர் வாதம். பூங்கா விதியின் எழுத்துப் பொருளில் குழந்தைத் தள்ளுவண்டியும் அடங்கும், நல்ல நீதிபதி எவரும் அப்படிப் படிக்கமாட்டார் என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச்சும் வாசகத்தையே பின்பற்றுவதாகத்தான் சொன்னார். இருவரும் ஒரே சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், இருவர் கையிலும் 1964ஆம் ஆண்டின் ஒரே சட்ட வாசகம். கிடைத்த விடைகள் நேரெதிர்.

3.3 துறை தந்த பொருள்

மூன்றாவது வகை மற்ற இரண்டையும் ஒதுக்கித் தள்ளக்கூடியது. 1959இல் பிரிஸ்டல் நகரக் கடை ஒன்றின் கண்ணாடி அலமாரியில் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி ஒன்று விலைச்சீட்டுடன் வைக்கப்பட்டிருந்தது. அத்தகைய கத்தியை ‘விற்பனைக்கு ஆஃபர்’ செய்வது அந்த ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஃபிஷர் வழக்கில் தலைமை நீதிபதி பார்க்கர் கடைக்காரரை விடுவித்தார். ஒப்பந்தச் சட்டத்தில் ‘ஆஃபர்’ என்பது முனைவு. அலமாரியில் பொருளை வைப்பது முனைவு ஆகாது, வாங்க வருபவரை முனைவு செய்ய அழைப்பது மட்டுமே.

பாடநூல்கள் இவ்வழக்கை எழுத்து விதிக்கு உதாரணமாக வைக்கின்றன. எனக்கு இது வியப்பளிக்கிறது. சாதாரண மக்களுக்கும், வழக்குத் தாள்களை முதலில் படித்தபோது தமக்குமே, அந்தக் கத்தி விற்பனைக்கு வைக்கப்படவில்லை என்பது பிதற்றலாகத் தோன்றும் என்று பார்க்கரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதாவது வழக்குப் பொருளைக் கைவிட்டுத் துறைப் பொருளைக் கொண்ட தீர்ப்பு இது. அதையும் நேர்ப்பொருள் என்கிறோம், அதற்கு எதிர்த்திசையில் போன மெக்பாயல் தீர்ப்பையும் அப்படியே அழைக்கிறோம். நாடாளுமன்றம் 1961இல் சட்டத்தைத் திருத்தி, விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதையும் சேர்த்தது.

4. அகராதியின் இடம்

அகராதி இம்மூன்றில் எதைத் தருகிறது? பெரும்பாலும் முதலாவதை. ஒரு சொல் எங்கெங்கே வழங்கியிருக்கிறது என்று தொகுப்பது அகராதிக்காரரின் வேலை; அரிதாக வழங்கிய இடமும் அதில் ஏறும். 1994இல் எம்சிஐ வழக்கில் ‘மாடிஃபை’ என்ற சொல் வந்தது. வெப்ஸ்டரின் 1961ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு, அடிப்படையையே மாற்றுதல் என்ற பொருளையும் அதற்குத் தந்திருந்தது. சிறிதளவு மாற்றுதல் என்பதே மற்ற அகராதிகளின் பொருள் என்று கூறி ஸ்காலியா அந்தப் பதிப்பைத் தள்ளிவிட்டார். எந்த அகராதியை நம்புவது என்று சொல்லும் அகராதி இல்லை. இதில் பழைய தீர்ப்பு ஒன்றுதான் தெளிவாக இருக்கிறது. தக்காளி பழமா காய்கறியா என்ற 1893ஆம் ஆண்டு நிக்ஸ் வழக்கில் நீதிபதி கிரே, அகராதிகளைச் சான்றாக ஏற்கவில்லை, நீதிமன்றத்தின் நினைவுக்கு உதவியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறோம் என்றார். தாவரவியல்படி பழம், ஆனால் சூப்புடனும் இறைச்சியுடனும் பரிமாறப்படுவது, உணவுக்குப் பின் இனிப்பாக உண்ணப்படுவதில்லை. ஆகவே காய்கறி, அதற்குரிய சுங்கவரி உண்டு.

அண்மைக் காலத்தில் கோடிக்கணக்கான சொற்களைக் கொண்ட மொழித் தரவகங்களில் தேடிப் பார்க்கும் முறை அமெரிக்காவில் பரவியிருக்கிறது. யூட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த தாமஸ் லீ இதன் முன்னணி ஆதரவாளர். அகராதியைவிட நேர்மையான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்று அடிக்கடி பேசப்படுகிறது என்பதற்கும் சொல்லின் பொருள் அதுவே என்பதற்கும் இடைவெளி உண்டு. தரவகத்தில் வாகனம் என்றால் பெரும்பாலும் கார்தான் வரும். தெருவில் கார்கள் மிகுதி என்பதை அது காட்டுகிறது. தீயணைப்பு வண்டி வாகனம் இல்லை என்று அது காட்டவில்லை.

5. வாசகத்துக்கு அடியில் இருப்பவை

தத்துவ அறிஞர் ஜான் சர்ல் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் மிக எளிய ஆங்கில வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொண்டார்: பூனை பாயின்மேல் இருக்கிறது. இதில் உருவகமில்லை, குறிப்பில்லை. பூனையும் பாயும் ஈர்ப்பு விசையற்ற விண்வெளியில் மிதக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாயைப் பூனை தொட்டுக்கொண்டிருக்கிறது. எது மேல், எது கீழ்? நேர்ப்பொருளே சில பின்னணி எண்ணங்கள் இருந்தால்தான் வேலை செய்யும், அவற்றை முழுவதும் எழுதிமுடிக்கவும் முடியாது என்பது அவர் முடிவு.

இதைச் சர்லுக்கு முன்பே ஒரு வழக்கு காட்டிவிட்டது. 1964இல் ஆட்லர் வழக்கு. தடைசெய்யப்பட்ட இடத்தின் ‘அருகில்’ படைவீரர்களின் பணிக்கு இடையூறு செய்வது குற்றம். இடையூறு செய்தவர் விமானப்படைத் தளத்துக்கு உள்ளேயே நின்றார். உள்ளே இருப்பவன் அருகில் இல்லை என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பாடநூல்கள் இதை நேர்ப்பொருளிலிருந்து விலகிய தீர்ப்பு என்கின்றன. எனக்கு அப்படித் தெரியவில்லை. வெளியே செய்தால் குற்றம், உள்ளே செய்தால் இல்லை என்று எவரும் சட்டம் இயற்றமாட்டார்கள் என்ற பின்னணி அறிவு, அச்சொல்லைப் புரிந்துகொள்ளும்போதே கூடவே வருகிறது. பின்னால் வந்து ஒட்டவைத்த திருத்தம் இல்லை.

தொடரமைப்பைப் பற்றியும் ஒரு சொல். தனிச்சொற்கள் தெளிவாக இருந்தும் வாக்கியம் இரண்டுபடலாம். மெய்ன் மாநிலத்தில் கூடுதல்நேர ஊதியம் பெறாத வேலைகளின் பட்டியல் ‘அனுப்பவோ பகிர்ந்தளிக்கவோ பொட்டலம் கட்டுதல்’ என்று படிக்கும்படியும், ‘அனுப்பப் பொட்டலம் கட்டுதல்’, ‘பகிர்ந்தளித்தல்’ என இரண்டு வேலைகளாகப் படிக்கும்படியும் முடிந்தது. இடையில் ஒரு காற்புள்ளி இல்லாததே காரணம். ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் பகிர்ந்தளிப்பவர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் அல்லர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 50 இலட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று.

6. இந்தியாவில் ஆங்கில வாசகம்

இந்திய அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தின் நேர்ப்பொருளை யாருடைய வழக்கில் தேடுவது? லண்டன் அகராதியிலா, இந்த மண்ணின் சந்தையிலா? உச்ச நீதிமன்றத்தை இக்கேள்வியோடு எதிர்கொண்டது வெற்றிலை. மத்திய மாகாணங்கள் மற்றும் பேராரின் 1947ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம் ‘வெஜிடபிள்ஸ்’ என்பதற்கு வரிவிலக்கு தந்திருந்தது. அகோலா வெற்றிலை வணிகர் ஒருவர், அகராதிப்படி தாவரத்திலிருந்து கிடைக்கும் எதுவும் வெஜிடபிள் என்று வாதிட்டார். 1961இல் நீதிமன்றம் மறுத்தது. தாவரவியல் பொருள் வேண்டாம், மக்கள் வழக்கில் தோட்டத்தில் விளைந்து சமையலுக்கு வருவதே வெஜிடபிள் என்றது. வெற்றிலைக்கு முன்பு அதே அட்டவணையில் தனி இனமாக விலக்கு இருந்து, பின்னர் அது நீக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. பீகாரிலிருந்து வந்த மற்றொரு வழக்கில் கரும்பும் இதே வழியில் காய்கறிப் பட்டியலுக்கு வெளியே நின்றது.

வெற்றிலைத் தீர்ப்பின் அணுகுமுறை எனக்கு உடன்பாடானது. ஆனால் அதிலும் ஒரு தேர்வு மறைந்திருக்கிறது. மக்கள் வழக்கு என்றால் எந்த மக்கள்? அகோலா சந்தையில் ‘வெஜிடபிள்’ என்ற சொல்லைச் சொல்லிக் காய் வாங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நீதிமன்றம் உண்மையில் தேடியது ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் உள்ளூர் மொழிச் சொல்லின் வழக்கை. அதைச் சொல்லாமல் ஆங்கிலத்தின் நேர்ப்பொருளாக எழுதியது.

வங்காளத்துச் சட்ட வரைவாளர்கள் இந்த இடத்தில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. 1941ஆம் ஆண்டு வங்காள விற்பனை வரிச் சட்டத்தின் அட்டவணை ‘வெஜிடபிள்ஸ்’ என்று நிறுத்தாமல், பச்சையோ உலர்ந்ததோ, ‘சப்ஜி, தர்காரி, சாக்’ என்று பொதுவாக அழைக்கப்படுபவை என்று ஆங்கில வாசகத்துக்குள்ளேயே உள்ளூர்ச் சொற்களை எழுதிவைத்தது. பச்சை இஞ்சிக்கு வரி உண்டா என்ற வழக்கு 1977இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டில் முக்கியப் பங்கு வகிக்காவிட்டாலும், சுவைக்காகச் சேர்க்கப்படும் இஞ்சியும் காய்கறிக் கடையில் விற்கும் காய்கறி வகையே என்று நீதிமன்றம் வணிகருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்தப் பொருளைத் தேட வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அங்கே நீதிபதிகள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டவணையே சொல்லியிருந்தது.